அப்பாயிக்கு என்ன வயது?

கேள்வி (3 அக்டோபர் 2025)

பாட்டி போன மாதம் தவறிவிட்டார். முப்பதாம் நாளுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம். வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு. தாத்தாவுக்கு எழுதியபோது நாலு பக்கம் வந்தது: படித்த பள்ளி, வேலை, மாற்றல், ஓய்வு. பாட்டிக்கு இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை. பிறந்த வருஷமே வீட்டில் யாருக்கும் தெரியாது. காலமெல்லாம் வீட்டோடு இருந்தவருக்கு என்னதான் எழுதுவது?

3 அக்டோபர், இரவு

வயதிலிருந்து தொடங்குங்கள். அதைத் தேடப் போனால் மற்றதெல்லாம் கூடவே வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். கும்பகோணத்துக்குப் பக்கம், அரசலாற்றங்கரை ஊர். சுவரொட்டியில் வயது 91 என்று போட்டோம். வாக்காளர் அட்டையைப் பார்த்தால் 1942ல் பிறந்த கணக்கு. ஆதாரில் 1933. ஒரே மனுஷிக்கு ஒன்பது வருஷ வித்தியாசம். சாவு வீட்டில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் இரண்டு அட்டையும் ஒன்றாகக் கைக்கு வந்தன. அன்றிலிருந்து எனக்கு இதே வேலை.

4 அக்டோபர்

முதல் வழி தமிழ் வருஷப் பெயர். ஆங்கில வருஷம் தெரியாத பாட்டிகளுக்கும் அது தெரிந்திருக்கும். உங்கள் பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் யாராவது இருப்பார்கள். பாட்டியின் தங்கை, நாத்தனார், பழைய பக்கத்து வீட்டுக்காரர் என்று பெண்களிடம் கேளுங்கள். ஆண்களிடம் கேட்டு நான் மூன்று வாரத்தைத் தொலைத்தேன்.

அப்பாயி தாது வருஷம். இது மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அந்தப் பெயரால் அவள் நிறையப் பேச்சு வாங்கியிருக்கிறாள். 1876ல் வந்த தாது வருஷத்தில்தான் அந்தப் பெரும் பஞ்சம். அறுபது வருஷம் கழித்து அடுத்த தாது வந்தபோது, முந்தையதைக் கண்ணால் பார்த்த கிழவிகள் ஊரில் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அந்த வருஷம் பிறந்த பெண்ணுக்கு ‘தாதுக்காரி’ என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. கல்யாணமாகி வந்த வீட்டிலும், “தாது வருஷத்துப் பொண்ணு, அரிசியைப் பாத்து அளக்கும்” என்று மாமியார் சொன்னாராம்.

ஆக 1936. இறந்தபோது 88.

4 அக்டோபர், கொஞ்சம் கழித்து

அந்த அரிசிப் பேச்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

உலை வைக்கும்போது படியால் அளந்து போட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து அடுப்படி மூலைப் பானையில் போடுவாள். காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. நாங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்தது. பானை நிறைந்தால் அது வீட்டுச் செலவுக்கு வராது. பிரசவமான வீட்டுக்குப் போகும், சாவு விழுந்த வீட்டுக்குப் போகும், பள்ளிக்கூடத்துக்காக எங்கள் வீட்டுத் திண்ணையில் தங்கிப் படித்த இரண்டு பையன்களுக்குச் சோறாகும். தாத்தாவுக்குக் கூட அந்தப் பானையின் கணக்கு தெரியாது.

நேற்று அம்மாவை ஒரு பிடி எடுக்கச் சொல்லித் தராசில் வைத்தேன். 45 கிராம். நாளைக்கு இரண்டு பிடி என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 33 கிலோ. கல்யாணமான 1953லிருந்து, அடுப்படியை அம்மாவிடம் விட்ட 2010 வரை 57 வருஷம். கிட்டத்தட்ட 1,900 கிலோ வருகிறது. உங்கள் மலரில் இந்த மாதிரி ஒரு கணக்கு வந்தால் நாலு பக்கம் தானே நிறையும்.

அரிசி தீர்ந்தால் ‘இல்லை’ என்று சொல்ல விடமாட்டாள். “நெறைஞ்சிருக்கு, வாங்கணும்” என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை மளிகைக்கடைக்காரர் முன்னால் என் தம்பி, “அப்பாயி, அரிசி நெறைஞ்சே போச்சு, ஒரு மணி கூட இல்ல” என்று கத்திவிட்டான். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கியது.

6 அக்டோபர்

திருத்தம். 1936 தவறு.

தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. அதனால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் போய் விழும். தாது என்பது 1936 ஏப்ரல் முதல் 1937 ஏப்ரல் வரை. அப்பாயி பிறந்தது மாசி. அப்படியானால் 1937. மாதம் கேட்காமல் வருஷத்தை மட்டும் மாற்றிப் போட்டேன். நீங்களும் இந்தப் பள்ளத்தில் விழுந்துவிடாதீர்கள்.

இன்னொரு திருத்தம் அம்மாவுடையது: “அவங்க கை எங்க, என் கை எங்க? அவங்களுக்குச் சின்னக் கை.” சின்னத்தை மகளின் கை அப்படியே அப்பாயி கை என்பார்கள். அவளை ஒரு பிடி எடுக்கச் சொன்னோம். 35 கிராம். மொத்தம் 1,450 கிலோ பக்கம் இறங்குகிறது. இறங்கட்டும்.

7 அக்டோபர்

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “அம்மா மகாமகத்துல பொறந்தவங்க. அவங்களே சொல்லியிருக்காங்க. 1933ல மகாமகம் வந்துச்சு, நீ பாத்துக்க” என்கிறார். ஆதாரில் 1933 வந்த வழியும் இப்போதுதான் புரிகிறது. பெயர் பதிந்த அன்று கூடப் போனவர் சித்தப்பாதான்.

மகாமகம் 1933ல் நடந்தது உண்மை. அப்புறம் 1945, 1956, 1968, 1980, 1992, 2004, 2016. பன்னிரண்டு வருஷம் என்பார்கள், ஆனால் 45க்கும் 56க்கும் இடையில் பதினொன்றுதான். வியாழன் சிம்மத்துக்கு வருவதை வைத்துப் பார்ப்பதால் அப்படி. ஆனால் மாசி மகம் வருஷா வருஷம் வருவதாயிற்றே. அவள் ‘மாசி மகத்துல பொறந்தேன்’ என்று சொன்னது பிள்ளைகள் காதில் மகாமகமாக விழுந்திருக்கும் என்பது என் எண்ணம். 1933 மாசி ஆங்கீரச வருஷம், தாது இல்லை.

சித்தப்பாவுக்கு இது போதவில்லை. “தாதுன்னு ஊரு சொன்னது. மகம்னு அம்மா சொன்னது. நீ ஊரை நம்புறியா, அம்மாவை நம்புறியா?” என்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

11 அக்டோபர்

பிறப்புப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்று கேட்டிருந்தீர்கள். பாருங்கள், தவறில்லை. எல்லாப் பிறப்பையும் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 1969ல். அதற்கு முன்னும் நம் பக்கம் கிராம அதிகாரி ஒரு பதிவேடு வைத்திருப்பார். ஆனால் போகும்போது பாட்டியின் பெயரைத் தேடாதீர்கள், பெயர் பெரும்பாலும் இருக்காது. தகப்பன் பெயர், தேதி, ‘பெண்’. அவ்வளவுதான் இருக்கும். கொள்ளுத்தாத்தா பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள்.

நான் மூன்று முறை போனேன். எங்களுக்கு வேண்டிய வருஷத்துப் பக்கங்கள் பூச்சி அரித்துப் பொடியாகியிருந்தன. காட்டிய பெண் அலுவலர் நல்லவர், ஒவ்வொரு தாளையும் ஸ்கேல் வைத்துப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். 1938லிருந்து படிக்க முடிந்தது. வரிசையாகப் பெண், ஆண், பெண், பெண். அதில் ஒன்று இன்னொருவருடைய அப்பாயியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

12 அக்டோபர்

பதிவேடு இல்லாவிட்டால் சம்பவங்களை வைத்துக் கட்ட வேண்டும். அப்பாயி சொன்னவை எங்களுக்கு ஞாபகம் இருந்த வரை:

கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பெரும் புயல். அது நந்தன வருஷம், 1952 நவம்பர் 30ல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல். திருக்கார்த்திகைக்கு வாங்கிக் கழுவி முற்றத்தில் கவிழ்த்து வைத்த அகல் விளக்கெல்லாம் கொல்லை வரைக்கும் மிதந்துபோய்க் கிடந்ததைச் சொல்வாள். ஓடு பறந்ததை விட அதுதான் அவளுக்கு வருத்தம்.

கல்யாணம் விஜய வருஷம், ஆவணி. 1953. பதினாறு வயது என்பாள். 1937 என்றால் சரியாகப் பதினாறு. 1933 என்றால் இருபது ஆகிறது, அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இருபது வரை வைத்திருக்க மாட்டார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “புயலால தள்ளிப் போயிருக்கும்” என்றார்.

அப்பா பிறந்தது மன்மத ஐப்பசி. புதுக்காசு வந்தபோது (1957 ஏப்ரல்) அப்பாவுக்கு நடை வந்து ஓடிக்கொண்டிருந்தது. அணாக் கணக்கிலேயே பால்காரரிடம் கடைசிவரை பேசியவள் அப்பாயி. பெரியத்தை விகாரி. சித்தப்பா குரோதி மார்கழி: தனுஷ்கோடி போன அந்த வாரம், 1964. சின்னத்தை கீலக சித்திரை. ஒன்பது பேரப்பிள்ளைகளுக்கும் வருஷம், நட்சத்திரம், பிறந்த நேரம், அன்று மழையா வெயிலா, எல்லாம் சொல்வாள். ஜாதக நோட்டு காணாமல் போனபோது அவள் வாயால் சொன்னதை வைத்துத்தான் இரண்டு கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தோம்.

போன வருஷம் சித்திரை ஒன்றாம் தேதி, படுத்தபடியே சொன்னாள்: “குரோதி வந்துருச்சு. சின்னவனுக்கு அறுபது.” எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் போனதால் அந்த அறுபதாம் கல்யாணத்தைத் தள்ளி வைத்தோம்.

12 அக்டோபர், நள்ளிரவு

மேலே எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

அறுபது வருஷத்தில் ஒரு சுற்று என்றால் தாதுவும் திரும்பி வந்திருக்க வேண்டுமே. வந்தது. 1996–97. மாசி மகத்தில் அவளுக்கு அறுபது நிறைந்திருக்கிறது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அதே வீட்டில்தான் இருந்தேன். அந்த நாளைப் பற்றி ஒரு சிறு ஞாபகம் கூட இல்லை.

தாத்தாவின் அறுபதுக்கு 1988ல் திருக்கடையூர் போனோம். படம் இருக்கிறது. தாத்தா கழுத்தில் ரோஜா மாலை, பக்கத்தில் அப்பாயி கையில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை நான். அறுபதாம் கல்யாணம் கணவனின் வயதுக்குத்தான் நடக்கும், அதனால் அவளுக்கு அன்றைக்கே எல்லாம் முடிந்ததாகக் கணக்கு. தன் வருஷம் திரும்பி வந்தது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மற்ற எல்லோருடையதும் விரல் நுனியில் வைத்திருந்தவள். சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

14 அக்டோபர்

நீங்கள் எழுதியது படித்தேன். உங்கள் பாட்டி தையல் மெஷினைத் தொடவே விடமாட்டார் என்பதும், கடைசிவரை தாத்தாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்தார் என்பதும். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை என்றீர்களே, இதோ ஆறு வரி வந்துவிட்டது. அப்படியே போடுங்கள். ‘அன்பின் உருவம், தியாகத்தின் சிகரம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அது எந்தப் பாட்டிக்கும் பொருந்தும்.

19 அக்டோபர்

இறப்பைப் பதிய ஒரு படிவம் உண்டு. அதில் இறந்தவரின் தொழில் என்று ஒரு கட்டம். தொழில் ஏதும் இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். அப்பாயிக்கு அதைப் பூர்த்தி செய்தது நான். காய்ச்சலில் இருப்பவரைப் போல் வேகமாக நிரப்பிக்கொண்டே போய் அங்கேயும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பதினொரு மாதம் கழித்து இந்தப் பானைக் கணக்கைப் போடும்போதுதான் உறைத்தது. ஒரு மணி அரிசி இல்லாதபோதும் அந்தச் சொல்லைச் சொல்லாதவள் பெயருக்கு நேரே நானே அதை எழுதியிருக்கிறேன்.

2019ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்குச் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டதாக வந்தது. 299 நிமிஷம் என்றால் ஐந்து மணி நேரம். அப்பாயிக்கு அது விடிகாலை நாலுக்குத் தொடங்கி மாட்டுக்கும் பாலுக்கும் முற்றத்துக்குமாக முடிந்துவிடும், அடுப்பு பற்ற வைத்த பிறகு உள்ள வேலை அப்புறம். ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது, நெல் அவிப்பது, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது, மாமியார் படுத்த இரண்டரை வருஷம் அவருக்கு எல்லாம் செய்தது. கிரைண்டர் 1986ல்தான் வந்தது. வந்த அன்று அதன் முன் மணை போட்டு உட்கார்ந்து, அது தானாகச் சுற்றுவதை மாவு அரையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாளாம். “எனக்கு வேலை இல்லாம உக்காந்திருக்கத் தெரியல” என்று எழுந்து போனாள் என்று அம்மா சொல்கிறாள்.

20 அக்டோபர்

தீபாவளி. இன்றைக்கு எழுதப் போவதில்லை என்று நினைத்தேன். ஒன்று மட்டும்.

1974ல் வாங்கிய ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரத்தை அப்பா எடுத்துக் காட்டினார். தாத்தா பெயர், தொழில் விவசாயம். அப்பாயி பெயர் எந்த மூலையிலும் இல்லை. ஆனால் அந்தக் கிரயத்துக்குக் குறைந்த பணத்தை அவள் பால் விற்றுச் சேர்த்ததிலிருந்தும் காதுத் தோட்டிலிருந்தும் கொடுத்ததாக அப்பாவே சொல்கிறார். கணவர் பெயரில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்கும் பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அன்று பேப்பரில் வந்ததை நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். “யாரு போட்ட கேஸு? அந்தம்மா உசுரோட இருக்காங்களா?” என்று கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. தோடு கதையை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

26 அக்டோபர்

மகாமகம் பற்றி எழுதியதை விரித்துச் சொல்கிறேன்.

குளத்துக்கு ஐந்து மைல் தூரத்தில் வீடு. மகாமகம் என்றால் எங்கெங்கிருந்தோ சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். 1956ல் அப்பாவுக்கு நாலு மாதம், கைக்குழந்தையைக் கூட்டத்தில் கொண்டுபோக முடியாது. 1968ல் சின்னத்தை நிறைவயிற்றில். 1980ல் மாமியார் படுக்கையில். 1992ல் வீட்டில் பதினெட்டு விருந்தாளிகள். அந்தத் தடவைதான் நெரிசலில் ஆட்கள் இறந்தார்கள். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் திரும்பி வரும்வரை வாசற்படியிலேயே நின்றாள், ஒவ்வொருவராக எண்ணிப் பதினெட்டு வந்த பிறகுதான் உள்ளே போய் இலை போட்டாள். ஊர் உலகமே வந்து முழுகிய குளத்தில் அவள் முழுகவில்லை.

2004 மார்ச் 6ல் நான்தான் கூட்டிப் போனேன். எனக்கு இருபது வயது. தாத்தா போய் மூன்று வருஷம். வாழ்நாளில் முதல் மகாமகம். குளத்தில் இறங்காமல் கரையோடு நடந்துகொண்டே இருந்தாள். சுற்றி இருக்கும் பதினாறு மண்டபங்களையும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். வெயில். “அப்பாயி, எங்க எறங்குனாலும் ஒண்ணுதான்” என்று அவசரப்படுத்தினேன். வடக்குக் கரையில் ஒரு மண்டபத்துத் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கே இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

2 நவம்பர்

திருச்சி போய் வந்தேன். அப்பாயியின் தங்கை அங்கே மகள் வீட்டில் இருக்கிறார். காது மந்தம், ஞாபகம் பழுதில்லை. இவரிடம் முதலிலேயே போயிருக்க வேண்டும். பெண்களிடம் கேளுங்கள் என்று உங்களுக்கு எழுதிவிட்டு, நான் கடைசியில்தான் போனேன்.

கிழமை சொன்னார். “வியாழக்கிழமை காலையில, மகத்துல. அதான் அக்கா வியாழக்கிழமை எண்ணெய் தேச்சுக்காது.” 1937ல் மாசி மகம் பிப்ரவரி 25. பழைய பஞ்சாங்கக் கணக்கில் பார்த்தேன். வியாழக்கிழமை, காலையில் மகம்.

2 நவம்பர், பிறகு

மேலே 26ஆம் தேதி ‘முதல் மகாமகம்’ என்று எழுதியிருக்கிறேன். அது தவறு.

1945ல் போயிருக்கிறாள். தகப்பனாரோடு. தங்கைக்கு அப்போது நாலு வயது, பாட்டி இடுப்பில். “அக்காவ அப்பா தோள்ல தூக்கி வச்சிருந்தாரு. கூட்டம் நெருக்குனப்ப ஒரு மண்டபத்துல ஏத்தி, தூணக் கட்டிக்கச் சொல்லிட்டு, அவரு மட்டும் எறங்கி முழுகிட்டு வந்தாரு. ஈர வேட்டியோட வந்து அக்கா தலையில தண்ணியத் தெளிச்சாரு. அடுத்த மகாமகத்துக்கு நீயே எறங்கலாம்னாரு.”

எட்டு வயது. 1933ல் பிறந்திருந்தால் பன்னிரண்டு. பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு யாரும் மகாமகத்துக்குப் போகமாட்டார்கள்.

சித்தப்பாவுக்குப் போன் செய்து, இதைத் தங்கை வாயாலேயே சொல்ல வைத்தேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம், “எந்தக் கரை மண்டபம்னு கேளு” என்றார்.

5 நவம்பர்

வடக்குக் கரை.

திதிக்கு வைக்கும் படத்தின் அடிச்சட்டத்தை மாற்றக் கொடுத்திருக்கிறோம். தாது, மாசி மகம், வியாழன், 25.2.1937. வாசகத்தை எழுதிக் கொடுத்தது சித்தப்பா.